கன் – டியாகோ கார்சியா: இரு விமானத்தளங்களுக்கு இடைப்பட்ட தூரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தூரம் என்பதைப் புவியியற் பாடநூல்கள் இயற்கை தந்த ஓர் அளவாகவே கொள்கின்றன. இரண்டு இடங்களின் அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தால் இடைத்தூரத்தைக் கணிக்கலாம். செல்லும் ஊர்தியின் வேகம் தெரிந்தால் பயண நேரத்தையும் கணிக்கலாம். இம்முறையில் நோக்குமிடத்து நாம் இங்கு எடுத்துக்கொண்ட உதாரணம் மிக எளியது. மாலைதீவுகளின் தென்கோடியில், நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே, அட்டு முருகைக்கல் தீவுத் தொகுதியிலே கன் என்னும் தீவும் அதன் விமானநிலையமும் அமைந்துள்ளன. அங்கிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே, சாகோஸ் தீவுக் கூட்டத்தின் மிகப் பெரிய தீவாகிய டியாகோ கார்சியாவும் அதன் விமானத்தளமும் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 740 கிலோமீற்றர் கடல். மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் பறந்த இரண்டாம் உலகப் போர்க்காலக் கற்றலினா நீர்விமானத்துக்கு இது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த பயணம். இன்றைய ஜெற் விமானத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும்.

ஆயின் இந்த ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பயணச்சீட்டு இல்லை. இவ்விரு தளங்களையும் இணைக்கும் பொதுமக்கள் விமான சேவை எதுவுமில்லை. டியாகோ கார்சியா பொதுமக்களுக்குத் திறக்கப்படாத படைத்தளம். அங்கு பிறந்து வளர்ந்தவர் ஒருவர் கன் தீவில் நின்று தமது ஊருக்குச் செல்ல வழி கேட்பாராயின், அவருக்குக் கிடைக்கும் விடை கிலோமீற்றர்க் கணக்காக இராது. அனுமதி பற்றியதாகவே இருக்கும்.

முதலாளித்துவம் தனது சுழற்சியை விரைவுபடுத்தும்பொருட்டு வெளியைக் காலத்தால் வெல்ல முனைகிறது என்று கார்ல் மார்க்ஸ் 1857–58இல் எழுதிய கையெழுத்துப் படிகளிற் குறிப்பிட்டார். புகையிரதம், நீராவிக் கப்பல், தந்தி, விமானம் என்பவற்றின் வரலாறு இக்கூற்றுக்குச் சான்றாகும். எனினும் இதன் மறுபக்கம் போதிய கவனத்தைப் பெறவில்லை. ஏகாதிபத்தியம் தூரத்தைச் சுருக்குவதோடு அமைவதில்லை. அது தூரத்தை உற்பத்தி செய்யவும் செய்கிறது. ஒரு சாராருக்கு எந்த விமான ஓடுபாதை வெளியைச் சுருக்குகின்றதோ, அதே ஓடுபாதை வேறொரு சாராரைத் தமது மண்ணிலிருந்து கடக்கவியலாத தொலைவில் நிறுத்துகிறது. கன், டியாகோ கார்சியா ஆகிய இரண்டின் வரலாற்றையும் இவ்வடிப்படையில் ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாறு இலங்கையோடு பல இடங்களில் நேரடித் தொடர்புடையது. அத்தொடர்புகளுட் சில நாம் பெருமையோடு நினைவுகூர்பவை. ஆயின் அவை முழுமையாக ஆராயப்பட்டவை அல்ல.

2

விமானத்துக்கு முற்பட்ட காலத்தில் இக்கடலின் தூரங்களை நிர்ணயித்தவை பருவக்காற்றும் பண்டமும் ஆகும். இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் பழந்தீவுகளை வரலாற்றாசிரியர் மாலைதீவுகளாக இனங்காண்பர். தமிழ்ப் பெருமை பேசுவோர் அவ்வொரு வரியோடு இக்கடலின் வரலாற்றை முடித்துவிடுதல் வழக்கம். ஆனால் கடலை அன்றாடம் கடந்தவர்கள் மன்னர்கள் அல்லர். மாசியையும் சோகியையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் காலிக்கும் வந்து, அரிசியையும் துணியையும் கொண்டு மீண்ட தீவுவாசிகளே இக்கடலின் தூரத்தை அறிந்தவர்கள். நமது வீடுகளின் சம்பலிலே சேரும் மாசி இந்த வணிகத்தின் எச்சமாகும். அட்டு முதலிய தென்தொகுதிகளின் வணிகர் மாலேயை நாடாமலே தமது பாய்மரக் கலங்களில் இலங்கையோடு நேரடியாக வணிகஞ் செய்தனர். மாலேயிலிருந்து கன் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து அதனைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். இருந்தும் அட்டு வணிகனின் பொருளாதார உலகிலே கொழும்பே அண்மையிலிருந்தது. தூரத்தின் சமூகத் தன்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று தேவையில்லை.

சாகோஸ் தீவுகளின் சமூக உருவாக்கம் வேறு வகைப்பட்டது. அங்கே மனிதக் குடியிருப்பு பெருந்தோட்டத்தோடு தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மொரீசியஸைத் தளமாகக் கொண்ட பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காபிரிக்கக் கரையிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகளைக் கொண்டு இங்கு தென்னந்தோட்டங்களை நிறுவினர். 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையோடு மொரீசியஸும் அதன் சார்புத் தீவுகளும் பிரித்தானியர் வசமாயின. 1835இல் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் ஒப்பந்தக் கூலிமுறையின் கீழ்த் தென்னிந்தியத் தொழிலாளர் சிலரும் வந்து சேர்ந்தனர். எண்ணெய்த் தீவுகள் என்றே அழைக்கப்பட்ட இத்தீவுகளிலே தேங்காயெண்ணெயும் கொப்பறாவும் உற்பத்தியாயின. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் இவ்வுழைப்பாளர் தமக்கெனக் கிரியோல் மொழி வழக்கொன்றையும், செகா எனப்படும் பாடல்–ஆடல் மரபையும், தமது முன்னோரின் கல்லறைகளையும் கொண்ட ஒரு மக்கள் தொகுதியாயினர். அடிமையாகவும் கூலியாகவும் கொணரப்பட்டோர், தம் உழைப்பால் அம்மண்ணுக்கு உரியோராயினர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஏனெனில் பின்னர் மறுக்கப்பட்டது இவ்வுரிமையே.

3

இவ்விரு தீவுகளையும் முதன்முதலாக ஒரே இராணுவ வரைபடத்திற் சேர்த்தது இரண்டாம் உலகப் போராகும். 1941இல் பிரித்தானியக் கடற்படை அட்டுவிலே இரகசியத் துறைமுகமொன்றை அமைத்தது. கன் தீவில் ஓடுபாதை இடப்பட்டது. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்குவதற்குச் சற்று முன்பு வரை பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படைத் தொகுதியின் பெரும்பகுதி இந்த இரகசியத் தளத்திலேயே எரிபொருளும் நீரும் பெற்றுக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் டியாகோ கார்சியாவிலும் நீர்விமானத் தளமொன்று ஏற்பட்டது. கொக்கலையைத் தாய்த்தளமாகக் கொண்ட கற்றலினா விமானங்கள் அட்டுவிலும் டியாகோ கார்சியாவிலும் இறங்கிக் கடலைக் கண்காணித்தன.

இம்மூன்று தளங்களுக்கும் உள்ள பொதுத்தன்மையொன்றை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். கொக்கலையில் தளம் அமைக்கப்பட்டபோது அக்கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். சிங்கள இலக்கியத்தின் பேராளுமையாகிய மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அதுவே. அவர் பிறந்த வீடு தளத்தின் எல்லைக்குள் அகப்பட்டும் இடிபடாது தப்பிய ஒன்று. கன் தீவின் மக்களும் தளத்துக்காக அகற்றப்பட்டனர். டியாகோ கார்சியாவில் அக்காலத்தே தோட்டமும் தளமும் அருகருகே இயங்கின. வெளியேற்றம் பின்னாளில், மிகக் கொடிய வடிவில் வந்தது. ‘தொலைதூரத் தீவு’, ‘வெற்று நிலம்’ என்னும் சொற்கள் தளம் அமைப்போரின் ஆவணங்களிற் பயின்றுவரும்போது, அச்சொற்களுக்குப் பின்னால் ஒரு கிராமம் உண்டா என்று வினவுதல் வரலாற்று மாணவனின் முதற்கடமையாகும்.

4

1947 நவம்பரிற் கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, சுதந்திரத்தின் பின்னரும் பிரித்தானியப் படைகள் திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் தொடர்ந்திருந்தன. இச்சுதந்திரம் அரைகுறையானது என்று இடதுசாரிகள் விமர்சித்தமைக்கு இத்தளங்களே கண்கூடான ஆதாரமாயின. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தளங்களைத் திரும்பப் பெறுவதைத் தன் கொள்கையாகக் கொண்டு அதனைச் செயற்படுத்தியது. 1957 ஒக்டோபர் 15இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும், நவம்பர் 1இல் கட்டுநாயக்கா விமானத்தளமும் கையளிக்கப்பட்டன. இது இந்நாட்டு ஏகாதிபத்திய எதிர்ப்பு வரலாற்றில் ஒரு முக்கிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் கட்டுநாயக்காவை விட்டகன்ற தளம் எங்கே சென்றது? இவ்வினாவை நமது வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அது ஏறத்தாழ 1,150 கிலோமீற்றர் தென்மேற்கே கன் தீவுக்குச் சென்றது. 1956 டிசெம்பரில், அப்போது தனது காப்புநாடாகவிருந்த மாலைதீவுகளோடு பிரித்தானியா செய்துகொண்ட உடன்பாடு கன் தீவை ஆண்டொன்றுக்கு 2,000 பவுணுக்கு நூறாண்டுக் குத்தகையாகப் பெற்றுக்கொடுத்தது. சிங்கப்பூருக்குச் செல்லும் படை விமானங்கள் இறங்கி எரிபொருள் நிரப்பும் தங்குதளமாக கன் மாறியது. கன் தீவினர் அண்டையிலுள்ள ஃபேய்தூவுக்குக் குடியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுக்கும்பொருட்டு ஃபேய்தூவின் மக்கள் மரதூத் தீவுக்கு நகர்த்தப்பட்டனர். மரதூ–ஃபேய்தூ என்ற இரட்டைப் பெயருடைய குடியிருப்பு இன்றும் அந்த இடப்பெயர்வுக்குச் சாட்சியாகவுள்ளது.

தளம் அங்கு கூலி உழைப்பையும் காசுப் பொருளாதாரத்தையும் திடீரெனப் புகுத்தியது. மாலே அரசோ தென்தொகுதிகளின் வணிகத்தையும் கலங்களையும் தன் கட்டுப்பாட்டிற் கொணரவும், புதிய வரிகளை விதிக்கவும், தளத்து வேலையை நிறுத்தவும் முற்பட்டது. இம்முரண்பாடு 1959 ஜனவரியில் வெடித்தது. அட்டு, ஹுவது, புவமுலா ஆகிய தென்தொகுதிகள் ஐக்கிய சுவாதீவ் குடியரசு எனத் தம்மைப் பிரகடனஞ் செய்தன. தளத்திற் பிரித்தானியருக்கும் மக்களுக்கும் இடையே தொடர்பாளராகவிருந்த அப்துல்லா அஃபிஃப் அதற்குத் தலைவரானார். மாலேயின் மேலாதிக்கத்துக்கு எதிரான நியாயமான மனக்குறை அவ்வெழுச்சியில் இருந்தது. ஆயின் அது சார்ந்து நின்ற பலம் தளத்தின் பலமேயாகும். 1960 பெப்ரவரியில் மாலே அரசோடு புதிய உடன்பாட்டைச் செய்து, முப்பதாண்டுக் குத்தகையை உறுதிப்படுத்திக்கொண்ட பின், பிரித்தானியாவுக்குத் தென்பகுதிக் குடியரசு தேவைப்படவில்லை. 1963இல் அக்குடியரசு வீழ்ந்தது. அஃபிஃப் பிரித்தானியக் கப்பலொன்றில் சீசெல்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே நாடுகடந்து வாழ்ந்தார். 1965 ஜூலை 26இல் மாலைதீவுகளின் சுதந்திர உடன்படிக்கை கைச்சாத்தானது கொழும்பிலே என்பதும், அதன் பின்னரும் கன் தளம் பிரித்தானியரிடமே இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கவை. 1947இல் இலங்கைக்கு வழங்கப்பட்ட அரைகுறைச் சுதந்திரத்தின் அதே வடிவம், பதினெட்டு ஆண்டுகளின் பின் நமது தலைநகரிலேயே நமது அயலவருக்கு வழங்கப்பட்டது.

பண்டாரநாயக்காவின் நடவடிக்கையைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நமது நோக்கமன்று. தேசிய எல்லைக்குள் நிறுத்தப்பட்ட ஏகாதிபத்திய எதிர்ப்பு, தளத்தை ஒழிப்பதற்குப் பதிலாக, அதனைப் பலம் குறைந்த அயலவரின் முற்றத்துக்கு நகர்த்துவதோடு நிறைவடையக்கூடும் என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

5

கன் தளத்துக்குக் கிடைத்த அனுபவம் ஏகாதிபத்தியத்துக்கு ஒரு பாடமாயிற்று. மக்கள் வாழும் இடத்தில் தளம் அமைத்தால் கூலி, வரி, கிளர்ச்சி, சுதந்திரம் ஆகிய அனைத்தும் அதனைத் தொடரும். ஆகவே அடுத்த தளம் மக்களற்ற தீவில் அமைதல் வேண்டும். அத்தகைய தீவு இல்லையெனின், இருக்கும் தீவை மக்களற்றதாக ஆக்குதல் வேண்டும்.

1964இல் பிரித்தானியரும் அமெரிக்கரும் இணைந்து சாகோஸ் தீவுகளை இரகசியமாக ஆய்வு செய்தனர். 1965 நவம்பர் 8இல், மொரீசியஸ் சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, அத்தீவுகள் அதிலிருந்து பிரிக்கப்பட்டு, பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம் என்னும் புதிய குடியேற்ற நாடாக்கப்பட்டன. மொரீசியஸுக்கு 30 இலட்சம் பவுண் வழங்கப்பட்டது. 1966 டிசெம்பர் 30இன் உடன்பாட்டால் ஐக்கிய அமெரிக்கா ஐம்பதாண்டுகளுக்கு அத்தீவுகளைப் பாதுகாப்புத் தேவைக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது; மேலும் இருபதாண்டு நீட்டிப்புக்கும் அதில் இடமிருந்தது. பொலாரிஸ் ஏவுகணைகளுக்குப் பிரித்தானியா செலுத்தவேண்டிய தொகையில் 140 இலட்சம் டொலரைத் தள்ளுபடி செய்தமையே இதற்கான மறைமுக விலையாகும்.

இவ்வேளையில் ஐக்கிய நாடுகள் சபையின் கண்ணில் மண்தூவ ஒரு சொல் தேவைப்பட்டது. நிரந்தரக் குடிகள் உண்டென ஏற்பின், குடியேற்ற நாட்டு மக்களின் சுயநிர்ணய உரிமை பற்றிய 1960ஆம் ஆண்டின் தீர்மானம் குறுக்கே நிற்கும். எனவே ஐந்து தலைமுறையாக அங்கு வாழ்ந்தோரும் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்ற வகைக்குள் அடக்கப்பட்டனர். கடற்பறவைகளைத் தவிர அங்கு சுதேசிகள் எவருமிரார் என்ற பொருள்பட 1966இல் பிரித்தானிய அதிகாரிகள் கேலியாக எழுதிக்கொண்ட குறிப்புகள் பிற்காலத்தில் நீதிமன்றங்களில் வெளிவந்தன. இலக்கிய மாணவர்கள் இவ்வாவணங்களை அவற்றின் மொழிக்காகவும் வாசித்தல் நன்று. ஒரு மக்கள் தொகுதியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் முதலில் ஒரு பெயர்ச்சொல்லால் அகற்றிவிடுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

இலங்கை வாசகருக்கு இச்சொல் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோதும் இதே தருக்கம் இயங்கியது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகளும் ‘வந்து போவோர்’ என்றே கணிக்கப்பட்டனர். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு பின்போடப்பட்டது. சாகோஸ் மக்களின் தலைவிதி நிர்ணயிக்கப்பட்டது அடுத்த ஆண்டிலே. இரண்டும் ஒன்றல்ல, எண்ணிக்கையிலும் முறையிலும் பெரும் வேறுபாடு உண்டு. எனினும் பெருந்தோட்டப் பொருளாதாரம் தான் கொணர்ந்த உழைப்பாளரை எத்தனை தலைமுறை சென்றாலும் மண்ணுக்குரியோராக ஏற்பதில்லை என்ற பொது உண்மை இரண்டிலும் வெளிப்படுகிறது.

1968 முதல் 1973 வரை சாகோஸ் மக்கள் அகற்றப்பட்டனர். மருத்துவத்துக்கோ உறவினரைக் காணவோ மொரீசியஸ் சென்றவர்களுக்குத் திரும்பும் கப்பல் மறுக்கப்பட்டது. தோட்டங்களுக்கு உணவு வருகை குறைக்கப்பட்டது. 1971இல் டியாகோ கார்சியாவில் எஞ்சியோர் கப்பலில் ஏற்றப்பட்டனர். அவர்களின் நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் ஓடுபாதை அமைக்கத் தொடங்கினர். 1973இல் பெரோஸ் பன்ஹோஸ் தீவுகளும் வெறுமையாயின. அகற்றப்பட்டோர் தொகை 1,500 முதல் 2,000 வரை எனக் கணிக்கப்படுகிறது. அவர்கள் ஏறத்தாழ 2,150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மொரீசியஸிலும், சீசெல்ஸிலும் இறக்கப்பட்டனர். தளத்துக்கென முதலில் ஆராயப்பட்ட அல்டப்ரா தீவு, அங்குள்ள பேராமைகளையும் அரிய பறவைகளையும் காக்கவேண்டுமென்று 1967இல் விஞ்ஞானிகள் எழுப்பிய குரலினாலும், அப்போதைய பிரித்தானிய நிதி நெருக்கடியினாலும் தப்பியது. சாகோஸ் மக்களுக்காக அவ்வாண்டில் அத்தகைய குரல் எழவில்லை. நிரந்தரக் குடிகள் இல்லையென்று கூறப்பட்ட தீவில் பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரே தருவிக்கப்பட்டனர். தொழிலாளர் தேவைப்பட்டனர், ஊர் உடையவராக அவர்கள் இருத்தலாகாது என்பதே நிபந்தனை.

6

1971ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் இலங்கையோடு தொடர்புற்றது. அவ்வாண்டு திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் முன்வைத்த முன்மொழிவின் அடிப்படையில், டிசெம்பர் 16ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்தது. வல்லரசுகளின் தளங்களும் அணுவாயுதங்களும் இக்கடலிலிருந்து அகலவேண்டும் என்ற கோரிக்கை அணிசேரா நாடுகளின் வரலாற்றில் உயர்ந்த இடத்தைப் பெறுவது. ஆயினும் அத்தீர்மானத்தின் வாசகத்திலே, அதே ஆண்டில் கப்பலேற்றப்பட்ட தீவு மக்கள் இடம்பெறவில்லை. கடல் இருந்தது, வான்பரப்பு இருந்தது, அரசுகள் இருந்தன. ஊர் இழந்த உழைப்பாளர் இல்லை. வெளியேற்றத்தின் முழு விபரம் 1975 செப்டெம்பரில் அமெரிக்க நாளிதழொன்றின் வாயிலாகவே உலகறிய வந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். ஆயின் அதன் பின்னரும் இங்கு நடந்த இந்து சமுத்திர விவாதங்களில் டியாகோ கார்சியா பெரும்பாலும் ஒரு போர்த்தந்திரப் புள்ளியாகவே பேசப்பட்டது. எதிர்ப்போரும் ஆதரிப்போரும் ஒரே வரைபடத்தை விரித்தே வாதிட்டனர்.

1976 மார்ச்சில் பிரித்தானியர் கன் தளத்தை மூடினர். சுயெசுக்குக் கிழக்கேயிருந்து படைகளை மீட்கும் 1968ஆம் ஆண்டு முடிவின் கடைசி விளைவுகளுள் இதுவும் ஒன்று. இந்து சமுத்திரத்தின் நடுவே ஒரு தளத்தின் விளக்கு அணைய, 740 கிலோமீற்றர் தெற்கே மற்றொன்றின் விளக்குப் பெருகியது. 1979இன் ஈரானியப் புரட்சியின் பின் டியாகோ கார்சியா மேலும் விரிவாக்கப்பட்டது. 1991இலும் 2003இலும் ஈராக்கையும், 2001 முதல் ஆப்கானிஸ்தானையும் தாக்கிய நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் அதன் ஓடுபாதையிலிருந்தே எழுந்தன. தனது ஊருக்கு ஒரு மணி நேரம் பறக்க ஒருவருக்கு வழியில்லாத அதே வானத்தில், பல்லாயிரம் கிலோமீற்றர் சென்று அழிவிட்டு மீள்வது ஓரிரவுப் பணியாயிற்று.

கன் தீவில் தளத்தொழிலை இழந்த அட்டுவின் ஆண்கள், அங்கு கற்ற ஆங்கிலத்தோடு மாலைதீவுகளின் புதிய உல்லாசப் பயணத் தொழிலை நாடிச் சென்றனர். கைவிடப்பட்ட படைக் கட்டடங்களிலே பின்னர் ஹொங்கொங் மூலதனத்தோடு ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே தைத்தோருட் கணிசமானோர் இலங்கைப் பெண்கள். 1957இல் கட்டுநாயக்காவிலிருந்து கன் நோக்கிப் படை நகர்ந்த அதே திசையில், ஒரு தலைமுறையின் பின் நமது ஏழைப் பெண்களின் உழைப்பு நகர்ந்தது. 2016 டிசெம்பரில் ஸ்ரீலங்கன் விமான சேவை கட்டுநாயக்காவிலிருந்து கன் தீவுக்குப் பயணிகள் சேவையொன்றை ஆரம்பித்தது. அத்தூரம் மக்களுக்குத் திறந்தது. அங்கிருந்து தெற்கே உள்ள தூரம் திறக்கவில்லை.

7

மொரீசியஸின் குடிசைப் புறங்களில் இறக்கப்பட்ட சாகோஸ் மக்கள் ஏக்கத்தால் இறப்பதைக் குறிக்க ‘சக்ரேன்’ என்றொரு சொல்லை வழங்குகின்றனர். ‘ஏங்கிச் செத்தார்’ என்று நம் கிராமங்களிற் கூறுவதற்கு அது மிக அணித்தானது. ஆயின் அம்மக்கள் ஏங்கியதோடு நிற்கவில்லை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து முறையீடுகளையும் உண்ணாவிரதங்களையும் வீதி ஆர்ப்பாட்டங்களையும் முன்னின்று நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1982இல் பிரித்தானியா 40 இலட்சம் பவுண் வழங்கியபோது, எழுத்தறிவற்ற பலர் தமக்கு விளங்காத ஆங்கிலப் பத்திரங்களிற் கைரேகை வைத்து, திரும்பும் உரிமையைத் துறந்ததாகக் காட்டப்பட்டனர். அவர்களின் செகாப் பாடல் மரபு, கையொப்பம் வாங்கப்பட்ட பத்திரங்களுக்கு எதிரான மக்களின் சொந்த ஆவணமாகும். 2019இல் யுனெஸ்கோ அதனை அவசரப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. மலையக மக்களின் நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்ததன் வரலாற்றுப் பயன் யாது என்பதை அறிந்தோர்க்கு இதன் முக்கியத்துவத்தை விளக்கவேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டில் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றச் சட்டம் செல்லாதெனத் தீர்த்தது. 2004இல் அரச ஆணைகள் மூலம் அத்தீர்ப்பு பயனற்றதாக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவ்வாணைகளை ஏற்றது. 2019 பெப்ரவரி 25இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தமையால் மொரீசியஸின் குடியேற்ற நீக்கம் முறைப்படி நிறைவடையவில்லை என ஆலோசனைக் கருத்துரைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பொதுச்சபை 116 வாக்குகளால் இதனை வழிமொழிந்தது. எதிர்த்து வாக்களித்தவை ஆறே நாடுகள்; அவற்றுள் மாலைதீவுகளும் ஒன்று. தளத்துக்காக மக்கள் இருமுறை இடம்பெயர்ந்த அதே நாடு இவ்வாறு வாக்களித்தமைக்குக் காரணம் யாது? இங்கேதான் நமது தலைப்பிலுள்ள தூரம் மீண்டும் வருகிறது. அட்டுவுக்கும் சாகோஸின் வடதீவுகளுக்கும் இடைப்பட்ட கடல் 400 கடல்மைலிலும் குறைவு. ஆதலின் இரு நாடுகளின் 200 கடல்மைல் உரிமைகளும் ஒன்றன்மேலொன்று படியும். 2023 ஏப்பிரல் 28இல் சர்வதேச கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு சமதூரக் கோட்டை அடிப்படையாகக் கொண்டு எல்லையை வகுத்தது. மீனும் கடலடி வளமும் துல்லியமாகப் பங்கிடப்பட்டன. அக்கடலை அளந்தவர்களின் முன், அதைக் கடந்து வீடு செல்லும் உரிமை ஒரு வினாவாகவே இருக்கவில்லை.

2025 மே 22இற் கைச்சாத்தான பிரித்தானிய–மொரீசியஸ் உடன்படிக்கை சாகோஸின் இறைமையை மொரீசியஸுக்கு உரியதாக்குகிறது. அதேவேளை டியாகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குத் தளமாகவே வைத்திருக்க வகைசெய்கிறது. அதன் வாசகப்படி ஏனைய தீவுகளில் மீள்குடியேற்றம் நடைபெறலாம். டியாகோ கார்சியாவில் அதற்கு இடமில்லை.

இத்தீவின் கதையிலே ஈழத்தமிழரும் எதிர்பாராத வகையிற் பங்கேற்க நேர்ந்தது. 2021 ஒக்டோபரில், தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவை நாடிப் புறப்பட்ட 89 இலங்கைத் தமிழரின் படகு நடுக்கடலில் இடருற, அவர்கள் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வேலியிட்ட முகாமொன்றிலே அவர்களுட் பலர் மூன்றாண்டுகள் இருந்தனர். 2024 ஜூலையில் தீவில் நடைபெறவிருந்த நீதிமன்ற விசாரணைக்கு ஐக்கிய அமெரிக்கா இடமளிக்கவில்லை. செப்டெம்பரிலேயே அது நடைபெற்றது. அவர்களுட் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அதே டிசெம்பரில், அவர்கள் சட்டத்துக்கு முரணாகத் தடுத்துவைக்கப்பட்டனர் என நீதிமன்றம் தீர்த்தது. ஊரார் திரும்பமுடியாத தீவில், ஊரின்றி வந்தோர் வெளியேறமுடியாது கிடந்தனர்.

8

தமிழிலே ‘தொலைவு’ என்னும் சொல்லுக்குத் தூரம் என்ற பொருளோடு அழிவு, தோல்வி என்ற பழைய பொருள்களும் உண்டு. கன் தீவுக்கும் டியாகோ கார்சியாவுக்கும் இடைப்பட்ட தொலைவை இவ்விரு பொருளிலும் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். 740 கிலோமீற்றர் என்பது மாறாத எண். அதனைக் கடக்கும் நேரமோ, கடப்பவரின் வர்க்கத்தையும் அவர் கையிலுள்ள ஆவணத்தையும் பொறுத்து ஒரு மணி நேரமாகவும் அரை நூற்றாண்டாகவும் மாறுகிறது.

இதிலிருந்து நமது ஆய்வுலகு பெறவேண்டிய படிப்பினைகள் இரண்டு. முதலாவது, 1957இன் வெற்றியையும் 1971இன் பிரகடனத்தையும் இனி எழுதும்போது அவற்றின் எல்லைகளையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். நமது மண்ணை விட்டகன்ற தளம் யாருடைய மண்ணில் இறங்கியது என்ற வினா அவ்வரலாற்றின் இன்றியமையாத பகுதியாகும். இரண்டாவது, மலையக மக்களின் வரலாற்றைத் தனியொரு நாட்டின் சிறுபான்மைப் பிரச்சினையாக மட்டும் நோக்காது, இந்து சமுத்திரப் பெருந்தோட்ட உழைப்பாளரின் பொது வரலாற்றோடு இணைத்து ஆராய்தல் வேண்டும். கிரியோல் மொழிச் செகாவையும் மலையக நாட்டார் பாடலையும் அருகருகே வைத்து ஆராயும் ஒப்பியல் முயற்சி நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு உரிய பணியே. அப்பணியை மேற்கொள்வோர், வரைபடம் தரும் தூரத்தோடு நின்றுவிடாது, அத்தூரத்தைக் கடக்க மறுக்கப்பட்டோரின் குரலிலிருந்து தொடங்குவார்களாயின், இக்கடலின் மெய்யான வரலாறு எழுதப்படுவதற்கு வழி பிறக்கும்.